வெளிநாட்டு வேலை அழைப்பும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும்

இந்தியாவிலிருந்து வேலைக்காக வெளிநாடு செல்வோரில் ஒரு பகுதியினர், புறப்படும் முன்பு மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும். இதற்குக் குடிபெயர்வு அனுமதி என்று பெயர். கடவுச்சீட்டில் 'இசிஆர்' என்று அச்சிடப்பட்டிருந்தால், அதை வைத்திருப்பவர் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்த அனுமதி கட்டாயம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்களின் கடவுச்சீட்டில் இந்த எழுத்துகள் இருக்காது. ஆகவே கல்லூரி முடித்த மாணவர்கள் எல்லாரும் அனுமதி தேவைப்படாத பிரிவிலேயே வருகிறார்கள்.

இதை ஒரு பெருமையாகவே பலரும் நினைக்கிறார்கள். முகவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். "இசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டா தம்பி? அப்ப ஒரு தொந்தரவும் இல்லை, அடுத்த வாரமே கிளம்பிடலாம்." தொந்தரவு இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பொருள், உங்கள் வேலையையும் முதலாளியையும் அரசு அலுவலகம் எதுவும் சரிபார்க்கவில்லை என்பதாகும். அந்தச் சரிபார்ப்பை மாணவரும் பெற்றோரும் தாமே எப்படிச் செய்துகொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கப்பலேறிய தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் கணிசமானவர்கள். முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. தாங்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களில் பெரும்பாலோர்க்குப் படித்துப் பார்க்கத் தெரியாது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் வெளியாள் அல்லர். பெரும்பாலும் அதே ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவர். தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு நல்ல வேட்டி சட்டையோடு ஊர் திரும்பி, பயணச் செலவுக்கு முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துப் போவார். அந்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக நிற்கும். இலங்கைத் தோட்டங்களில் இந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள தொகையைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது; கீழே வரும் செய்திகளைப் படிக்கும்போது துண்டு முறை மாணவர்களுக்கு நினைவு வரும்.

இந்த அனுபவங்களின் பின்னணியில் 1922இல் ஒரு குடிபெயர்வுச் சட்டமும், அதற்குப் பதிலாக 1983இல் இப்போதுள்ள சட்டமும் வந்தன. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இசிஆர் கடவுச்சீட்டு உள்ளவர் சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதென்றால், அவருடைய வேலை ஒப்பந்தம், சம்பளம், விசா, காப்பீடு ஆகியவற்றைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி தரும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. படிக்கத் தெரியாதவர் ஏமாறக்கூடும், படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்பது சட்டத்தின் கணக்கு. பத்தாம் வகுப்பு என்ற கோடு அப்படித்தான் போடப்பட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. செவிலியர்கள் பட்டம் பெற்றவர்களாக இருந்தாலும், 2015 முதல் அந்த 18 நாடுகளுக்குப் போக அவர்களுக்கும் அனுமதி தேவை. படித்தவர்களும் ஏமாற்றப்பட்டதால்தான் அந்த மாற்றம் வந்தது. மற்றவர்களுக்கும் இணையவழிப் பதிவைக் கட்டாயமாக்கப் போவதாக 2018 நவம்பரில் அறிவித்த வெளியுறவு அமைச்சகம், அந்த மாதமே அதை நிறுத்தி வைத்துவிட்டது.

2022இல் நடந்தது

சட்டத்தின் கணக்கு எங்கே தப்பியது என்பதை 2022 காட்டியது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் விற்பனை அலுவலர்', 'தரவு உள்ளீட்டாளர்' போன்ற வேலைகள் இருப்பதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் வந்தது. இந்தியாவிலும் துபாயிலும் இருந்த முகவர்கள் ஆள் சேர்த்தார்கள். நேர்காணல் என்ற பெயரில் தட்டச்சு வேகமும் ஆங்கிலமும் சோதிக்கப்பட்டன. போனவர்கள் பட்டதாரிகள், பொறியியல் படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள். பாங்காக் விமான நிலையத்தில் இறங்கியதும் காரில் ஏற்றி மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே மோய் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மறுகரை மியான்மரின் மியாவாடி. ஆற்றைத் தாண்டியவுடன் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது.

மதில் சூழ்ந்த அந்த வளாகங்களில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, போலிப் பெயரில் கணக்கு திறந்து, உலகெங்கும் உள்ளவர்களோடு அரட்டையில் பழகி, போலி முதலீட்டுத் தளங்களில் பணம் போட வைப்பது. மறுத்தவர்களுக்கு அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி. வெளியேற வேண்டுமென்றால் 'உனக்காகச் செலவழித்த' பணத்தைக் கட்டு என்றார்கள். கங்காணியின் துண்டு வேறு எழுத்தில் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியர் சுமார் 300 பேர் அங்கே சிக்கியிருப்பதாகவும், அவர்களில் ஏறக்குறைய 50 பேர் தமிழர்கள் என்றும் 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். அத்துடன் அது முடியவில்லை. 2025 மார்ச் 10, 11 ஆகிய இரு நாள்களில் மட்டும் இந்திய விமானப் படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை அழைத்து வந்தன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய மோசடி வேலையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டு அறிக்கையில் மதிப்பிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மியான்மர், கம்போடியா, லாவோஸ் மூன்றும் அந்த 18 நாடுகள் பட்டியலில் இல்லை. தாய்லாந்து இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தப் பட்டியலே பொருந்தாது. மேலும் இவர்கள் போனது சுற்றுலாப் பயணிகளாக. வேலைக்குப் போகிறவர் என்று எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை.

அழைப்பைச் சரிபார்க்கும் முறை

முதலில் விசாவைப் பாருங்கள். சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விசா என்பது அந்த நாட்டு அரசு உங்களை எதற்காக உள்ளே விடுகிறது என்று எழுதித் தரும் தாள். அதில் வேலை என்று இல்லாவிட்டால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. "இப்போதைக்கு விசிட் விசாவில் வந்துவிடு, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் அப்படிப் போய் நல்லபடியாக வேலை பார்ப்பவர்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வேலை பார்க்கத் தொடங்கும் நாளிலிருந்து அந்த நாட்டுச் சட்டப்படி குற்றவாளிகள். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூடப் போக முடியாது. தாய்லாந்தில் வேலை பார்க்க அதற்குரிய விசாவும் தனியாக வேலை அனுமதி அட்டையும் வேண்டும். அமீரகத்தில் வேலை அனுமதி எண்ணை அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இட்டுப் பார்க்கலாம்.

அடுத்து முகவர். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைகிரேட்' தளத்தில், பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலும் பதிவு நீக்கப்பட்டவர்களின் பட்டியலும் உள்ளன. பதிவு எண் இல்லாதவர் ஆள் எடுப்பது சட்டப்படி குற்றம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் உண்மையான நிறுவனம் ஒன்றின் பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் தளத்தில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்கும், மனம் நிம்மதியாகிவிடும். ஆகவே எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அரசுத் தளத்தில் கொடுத்துள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே பேசி, "இந்த வேலைக்கு நீங்கள்தான் ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள எண்ணில் பேசினால் விளம்பரம் கொடுத்தவர்தான் எடுப்பார்.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். அதற்கு ரசீது தர வேண்டும். நம் பக்கத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுப்பது சர்வசாதாரணமாக இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு எழுத்து இல்லை. கேட்டால், "நம்ம ஆளுதானே, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். கங்காணியும் நம்ம ஆள்தான். மறுபக்கம், "ஒரு பைசா வேண்டாம், டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம்" என்று சொல்பவர் எல்லாரும் யோக்கியர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்த டிக்கெட் யார் கணக்கில் கடனாகிறது என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் முழு முகவரி இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. அந்த முகவரியை வரைபடத்தில் தேடுங்கள். பாங்காக் அலுவலகம் என்று சொல்லிவிட்டு, இடம் எல்லைப் பகுதியில் காட்டினால் போகக் கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பதில் வரச் சில நாள்கள் ஆகும். அதற்குள் "இன்றே முடிவு சொல்" என்று முகவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே உங்களுக்கு வந்த பதில்.

கடைசியாகச் சம்பளம். தட்டச்சும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்த, அனுபவமில்லாத ஒருவருக்குச் சென்னையில் மாதம் என்ன கிடைக்கிறதோ அதைவிட நான்கைந்து மடங்கு தருவதாக ஒரு நிறுவனம் சொன்னால், உள்ளூரில் ஆள் கிடைக்காமல் ஏன் திருவண்ணாமலையிலிருந்து விமானத்தில் வரவழைக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் பாடப் புத்தகங்களில் வட்டிக் கணக்கு இருக்கிறது, சதவீதக் கணக்கு இருக்கிறது. வேலை ஒப்பந்தம் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லும் பாடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. வளைகுடா நாடுகளுக்கும் வேறு சில நாடுகளுக்கும் அது ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளில் காட்சிக் கவர்ச்சி இருக்காது, இடங்களும் குறைவு. ஆனாலும் முதல் முறை வெளிநாடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஊரை விட்டுப் போகாதவர்க்கும்

அந்த வளாகங்களின் மறுமுனை நம் கைப்பேசியில் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வரும் நட்பான 'வணக்கம்' என்ற செய்தியை, அடிக்குப் பயந்து தட்டச்சு செய்பவர் ஒரு பட்டதாரி இளைஞராகவே இருக்கலாம். அதற்காக இரக்கப்பட்டுப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ணைத் தடை செய்துவிடுவது நல்லது.

வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் வரும் அழைப்புகளும் இதே தொழிலைச் சேர்ந்தவை. காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் 150 ரூபாய் என்பார்கள். முதல் இரண்டு நாள் உண்மையாகவே பணம் வரும். மூன்றாம் நாள் 'முன்வைப்பு' கேட்பார்கள். இதைவிட ஆபத்தானது வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. கல்லூரி மாணவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பெயரில் கணக்கு, ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டு மாதம் சில ஆயிரம் வாங்கினால், யாரோ ஒருவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவர் வீட்டு வாசலில். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு ஒரு குற்ற வழக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது பாங்காக்குக்கு அல்ல, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், பெங்களூருக்குத்தான். மாவட்டத்துக்குள்ளேயே செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகின்றன. இங்கேயும் வேலை அழைப்பு வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. கேட்க வேண்டியது ஒன்றே: நான் யாருடைய ஊழியர்? நிறுவனத்தின் ஊழியரா, ஒப்பந்தக்காரரின் ஊழியரா, தொழிற்பழகுநரா? தொழிற்பழகுநருக்குக் கிடைப்பது உதவித்தொகை. அதில் வருங்கால வைப்பு நிதி பிடிக்க மாட்டார்கள், ஈஎஸ்ஐ அட்டையும் இருக்காது. ஓராண்டு கழித்து வேலை நிரந்தரமாகும் என்ற வாய்மொழி உறுதியை நம்பி உயர்படிப்பை விட்டுவிட்டுப் போகும் மாணவிகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஊழியர் என்றால் சேர்ந்த சில வாரங்களில் வைப்பு நிதி எண் வர வேண்டும். பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்பதை உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு.

விடுதியை வேலையைப் போலவே விசாரிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் விடுதி உணவு சாப்பிட்டு நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அதன் பிறகுதான் பலருக்கும் அந்த விடுதிகளின் நிலை தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. ஓர் அறையில் எத்தனை பேர், இரவுப்பணி முடிந்து வந்தால் சாப்பாடு உண்டா, உடம்பு சரியில்லாத நாளில் விடுதியில் இருக்க விடுவார்களா என்று ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டுவிடுங்கள். விடுதிக் காப்பாளரிடம் கேட்டால் போதாது.

புறப்படும் முன்பும் சிக்கிய பின்பும்

வெளிநாடு போகிறவர் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், டிக்கெட் ஆகியவற்றின் படிகளை வீட்டில் காகிதமாகவே வைத்துவிட்டுப் போக வேண்டும். கைப்பேசியில் மட்டும் இருந்தால், கைப்பேசியைப் பறித்தவுடன் எல்லாம் போய்விடும். முகவரின் பெயர், அவருக்குப் பணம் அனுப்பிய ரசீது, விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரின் எண் ஆகியவையும் அதே உறையில் இருக்கட்டும். இசிஆர் பிரிவினருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் தருகிறது.

கடவுச்சீட்டு 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் உடைமை. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. பாங்காக்கில் இறங்கியபின், சொன்ன அலுவலகத்துக்குப் போகாமல் வண்டி ஊரைத் தாண்டி மணிக்கணக்காக ஓடினால், எரிபொருள் நிரப்பவோ சாப்பிடவோ நிற்கும் முதல் இடத்தில் ஆட்கள் இருக்கும் பக்கமாக இறங்கிவிட வேண்டும். ஆற்றைத் தாண்டும்வரை நீங்கள் தாய்லாந்தில் சட்டப்படி இருப்பவர். காவல்துறையிடமும் இந்தியத் தூதரகத்திடமும் போக முடியும். தாண்டிய பிறகு நுழைவு முத்திரை இல்லாமல் இன்னொரு நாட்டில் நிற்பவர்.

வீட்டாருக்குச் செய்தி வந்தால் முகவரிடம் பேரம் பேசிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டு வாங்க வேண்டும். அயலகத் தமிழர்களுக்கான தமிழ்நாடு அரசின் கட்டணமில்லா எண் 1800 309 3793. வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா எண் 1800 11 3090. இரவும் பகலும் எடுப்பார்கள். அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகாரைப் பதிந்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத் தூதரகத்தில் தொடர்ந்து கேட்கலாம். இணையத்தில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. ஆகவே வங்கிக் கிளை திறக்கும்வரை, விடியும்வரை என்று காத்திருக்க வேண்டாம்.